லெந்து காலத்து ஈரல்

வாசிக்கக் கண்ணாடியும் முழங்காலுக்குத் தைலமும் தேட ஆரம்பித்துவிட்ட என் வயதுக்காரர்களே, உங்களில் யாராவது பக்கத்து அடுப்பில் ஈரல் கொதிக்க, அந்த வாடையை மோந்துகொண்டே வெறும் கஞ்சி குடித்திருக்கிறீர்களா? நான் குடித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களுக்கு மேலே கோயில் கோபுரம் மட்டும் தலைநீட்டுகிற ஒரு கிறிஸ்தவ ஊரில். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பை நாங்கள் லெந்து என்போம். அந்த வருட லெந்து முழுவதும் பிரசங்கத்தில் ஒரே பொருள்தான்: ஆண்டவருக்கு உண்மையாயிருத்தல். கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் யாராவது, "அவர் ரொம்ப உண்மையுள்ள மனுஷர்" என்று சொன்னால், அவர் வீட்டுப் புறவாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் பார்க்கத் தோன்றும்.

எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா. எங்கள் ஐயர் கணீரென்று பேசுவார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பழைய மொபெட்டில் கிளைச் சபைகளுக்குப் போய்விட்டு இருட்டியபின்தான் திரும்புவார். ஐயரம்மா மெலிந்த, வெளுத்த பெண். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் பிள்ளை இல்லை. இரண்டு தடவை வயிற்றில் நின்று கலைந்துபோயிருந்தது. இதெல்லாம் எங்களைப் போன்ற சிறுமிகளுக்குத் தெரியக் கூடாத விஷயங்கள். ஆகவே எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

என் அம்மாவின் அக்கா, பெரியம்மா, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். எந்த வீட்டில் என்ன வேகிறது என்று தெருவில் நின்றே சொல்லிவிடுகிற மூக்கு அவளுக்கு. ஐயரம்மாவுக்குப் பிள்ளை வேண்டுமென்று சங்கத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை, அதாவது நேர்ச்சை, பண்ண வேண்டும் என்பது அவள் யோசனை. நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் நாக்கில் படக் கூடாது. தலையில் பூ கூடாது. வெள்ளிக்கிழமைகளில் மதியம்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயிலில் உபவாச ஜெபம். ஐயரம்மா முன்னால் நின்று முதல் கை உயர்த்த, எல்லாரும் கையுயர்த்தி ஒப்புக்கொண்டார்கள்.

"ஒருத்தி மீறினாலும் அம்புட்டுப் பேரு ஜெபமும் தரையிலதான் கெடக்கும், பாத்துக்கிடுங்க" என்றாள் பெரியம்மா. அப்படி ஒரு சட்டம் வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை. கையுயர்த்திய நிமிடத்திலிருந்து ஒவ்வொரு பெண்ணும் அடுத்தவள் அடுப்பைப் பார்க்க ஆரம்பித்தாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நான் அப்போது சித்தி வீட்டில் படுத்து எழுந்துகொண்டிருந்தேன். சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா சவுதியில் இருந்தார். தனியாக இருக்கிறவளுக்குத் துணைக்கு என்று அம்மா என்னை அனுப்பியிருந்தாள். துணைக்கா, காவலுக்கா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் உண்டு. சித்தப்பா கடிதம் எழுத மாட்டார். கேசட்டில் பேசி அனுப்புவார். சாயங்காலம் சித்தி கேசட்டைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். அந்தக் குரலுக்கு இடையில் ஏதோ ஒரு ஏசி இரைந்துகொண்டே இருக்கும். அவர் கேசட்டில், "என்ன, சாப்டாச்சா?" என்று கேட்டால் இவள் இங்கே, "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொல்வாள். சித்திதான் கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். வாயைத் திறந்தால் பின்வரிசைப் பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்திவிடும்.

லெந்து ஆரம்பித்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, கண் விழித்தபோது சித்தி வீட்டில் இல்லை. முதல் பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் போயிருந்தாள். மஞ்சள் ஒயர்க்கூடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் அம்மாக்கள் எல்லாரும் பின்னினார்களே, அது. அதில் மேலே கீரைக்கட்டு, அடியில் வாழை இலைப் பொட்டலம். பொட்டலத்திலிருந்து சிவப்பாகக் கசிந்து கூடையின் மஞ்சளில் இறங்கியிருந்தது. சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு என்று அம்மியில் வைத்துத் தட்டினாள். ஈரல் கொதிக்கிறபோது வருகிற வாடை தெரியுமல்லவா, மழையில் நனைந்த இரும்பு மாதிரி? அதற்கு மேல் மிளகு வாசனை. எனக்கு வாயில் தண்ணீர் நிற்கவில்லை. சித்தி முற்றத்தில் ஒரு சட்டியில் நெருப்பு போட்டு, அதில் வேப்பிலையை அள்ளிப் போட்டாள். வீடு முழுக்கப் புகை.

"யாருக்கு சித்தி?"

"ஒரு சீக்காளிக்கு."

"எந்தச் சீக்காளிக்கு?"

"கேக்காதட்டி. கேட்டா நான் பொய் சொல்லணும். லெந்து நாளும் அதுவுமா என்னப் பொய் சொல்ல வைக்காத."

எனக்குக் கஞ்சியும், கொள்ளை அரைத்த காணத் துவையலும்தான். அவளுக்கு மதியம்வரை அதுவும் கிடையாது. அவள் ஒரு துண்டைக்கூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை. உப்பு சரியா என்று பார்க்கக்கூட நாக்கில் வைக்கவில்லை. மோந்து பார்த்தே உப்புப் போட்டாள். நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆகையால் இதை அடித்துச் சொல்வேன்.

பெரியம்மா வீட்டைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அவள் வாசலிலேயே நிற்பாள். கையில் கடலை மிட்டாய் இருக்கும். அதன் மேல் எனக்கு அப்போதே சந்தேகம்தான், ஆனாலும் வாங்கித் தின்றேன்.

"ஏட்டி, விடிஞ்ச பொறவு ஒங்க வீட்ல மட்டும் எந்தக் கொசு கடிக்குது? வேப்பிலப் பொக தெருவ மறைக்கி?"

"தெரியல பெரியம்மா."

"ஆரும் வாராவளா, போறாவளா?"

"இல்ல பெரியம்மா."

அவள் என்னை நம்பவில்லை. அடுத்த வாரமே யாரோ ஒருத்தி சித்தி கறிக்கடை பாய் முன்னால் நின்றதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஊர்வாய் நிற்குமா? குழாயடியில் இரண்டு கட்சி. சித்தியே திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்றது ஒரு கட்சி. தின்கிறவளுக்கு உடம்பில் ஒட்டாதா, புருஷன் வெளிநாட்டில் இருக்கிறவள் வேறு யாருக்கோ ஆக்கிப் போடுகிறாள் என்றது மற்றது. இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: இந்த வருடமும் ஐயரம்மாவுக்குப் பிள்ளை தங்காவிட்டால் அதற்கு என் சித்திதான் காரணம்.

நானும் சந்தேகப்பட்டேன். ஏன் மறைக்க வேண்டும்? ஊரில் மெலிந்த ஆண்கள் யார் யார் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். தபால்காரர் ரொம்ப மெலிவு. ஒரு வாரம் முழுவதும் அவர் கன்னம் பூசுகிறதா என்று கவனித்தேன். பூசவில்லை.

பரீட்சைக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி மதியத்தோடு விட்டுவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில், வாய்க்கால் கரை மேல் சித்தி போவதைப் பார்த்தேன். கையில் அந்தக் கூடை. அதில் தூக்குவாளி, மேலே ஒரு துண்டு. நான் வாழைகளுக்குள் இறங்கி, சருகு மிதிபடாமல் பைய நடந்தேன். அவள் நேராக ஐயர் வீட்டின் பின்புறத்துக்குப் போனாள். பப்பாளி மரம், துவைக்கிற கல். கல்லின் மேல் ஐயரம்மா உட்கார்ந்திருந்தாள். அன்று காலை முழுவதும் கோயிலில் முழங்கால்படியிட்டு, எங்கள் நாவைக் காத்தருளும் என்று அழுது ஜெபித்தவள். உதட்டில் ரத்தமே இல்லை. சித்தி தூக்குவாளியைத் திறந்து கொடுத்தாள். ஐயரம்மா மடக் மடக்கென்று குடித்தாள்.

"ஈரலையும் மென்னு முழுங்குங்க. சாறு மட்டும் குடிச்சா போதாதுன்னு டாக்டரம்மா சொன்னாவல்லா."

"ஆருக்கும் தெரியாதுல்லா?"

"சொல்ல மாட்டேன்னு ஒரு மட்டம் சொல்லியாச்சு. வாராவாரம் கேப்பியளா?"

சித்தி என்னைப் பார்க்கவில்லை. நான் வந்த வழியே ஓடினேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சித்தி தப்பு செய்யவில்லை! ஒரு சீக்காளிக்குத்தான் கொடுக்கிறாள்! ஓடிய வேகத்தில் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நாள் தின்ற மிட்டாய்க்கு இப்போதுதான் சரியான பதில் கிடைத்தது என்று நினைத்தேன்.

பெரியம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"ஐயரம்மாவயா சொல்லுத? ஆருட்டி ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தா? அவதான? தன் தப்ப மறைக்க ஊழியக்காரிய இழுக்காளே, பாவி!"

அன்றுதான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஊர் ஒருவரை நல்லவர் என்று முடிவு கட்டிவிட்டால் கண்ணால் பார்த்ததுகூட அவதூறு ஆகிவிடும். மறுநாளே பெரியம்மா ஐயரிடம் போனாள். முதலில் சித்தி பொருத்தனையை மீறினாள் என்பதுதான் குற்றம். இப்போது ஐயரம்மாவின் பெயரைக் கெடுக்கச் சிறுபிள்ளையை ஏவினாள் என்று இரண்டாவது குற்றமும் சேர்ந்தது. என் வாயால் வந்த உண்மைதான் அவளுக்கு வினையாகிப் போனது.

ஐயர் சித்தியை வீட்டுக்கு வரச் சொன்னார். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். முன்னறையில் பிரம்பு நாற்காலிகள். ஐயர் உட்கார்ந்திருக்க, ஐயரம்மா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். சித்திக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். சித்தி வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"கறி வாங்கினது நெசந்தானாம்மா?" ஐயர் கேட்டார்.

"நெசந்தான்."

"யாருக்கு?"

சித்தி காப்பியை ஒரு வாய் குடித்தாள். ஐயர் மனைவியிடம் திரும்பினார். "இந்தப் பிள்ள உன்னப் பத்தி ஒண்ணு சொல்லுதாம். நீ என்ன சொல்லுத?"

ஐயரம்மா காலித் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சின்னப் பிள்ள... ஏதோ தெரியாமச் சொல்லிருக்கும். விட்டுருங்களேன்" என்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த வயது வரைக்கும் எத்தனையோ கெட்டிக்காரப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை.

நான் வாயைத் திறந்தேன். சித்தி முந்திக்கொண்டாள். "பிள்ளயக் கேக்காதிய. வாங்கினது நான், ஆக்கினது நான். என் நாக்குல ஒரு துண்டு பட்டதில்ல. யாருக்குன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். சொல்ல மாட்டேன்."

ஐயர் கெட்டவர் இல்லை. சபை முழுவதும் அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. "அப்படின்னா, பெரிய வியாழன் அன்னைக்கு நீங்க திருவிருந்து வாங்க முன்னால வர வேண்டாம். பாட்டுக் குழுவிலயும் நிக்க வேண்டாம். மனசு மாறி வந்து சொல்லுங்க, பொறவு பாப்போம்" என்றார். சித்தியின் கையில் இருந்த டம்ளர் அப்படியே கீழே இறங்கியது. அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து அவளுக்கு உயிர். அதற்கென்று எடுத்து வைத்த வெள்ளைச் சேலையைத் தவிர வேறொன்றுக்கும் அவள் இஸ்திரி போட்டதில்லை.

திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில், பார்த்துவிட்டவளிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். லெந்து ஆரம்பத்தில் ஐயரம்மா பாட்டு ஒத்திகையில் மயங்கி விழுந்ததும், இவள்தான் திருநெல்வேலிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனதும், உடம்பில் ரத்தமே இல்லை, ஈரல் தின்னாவிட்டால் ஆள் தேற மாட்டாள் என்று அந்த அம்மா திட்டி அனுப்பியதும். ஐயருக்குக்கூடத் தெரியக் கூடாது என்று பஸ்ஸிலேயே ஐயரம்மா கையில் சத்தியம் வாங்கியிருந்தாள். பொருத்தனையை ஐயரம்மாவே மீறினாள் என்று தெரிந்தால், பிள்ளை இல்லாததற்குக் காலம் பூரா அவளைத்தானே சொல்வார்கள்?

"அவிய ஒரு வார்த்த சொல்லலயே சித்தி" என்று நான் அழுதேன்.

"காப்பியில சீனி போட மறந்துட்டாவ, பாத்தியா? அம்புட்டுப் பயம் அவியளுக்கு."

"ஆண்டவருக்குத் தெரியும்லா?"

"அவருக்குத் தெரியும். ஆனா அது எனக்குப் போதலட்டி" என்றாள் சித்தி. "ஊருக்கும் தெரியணும்னு நெஞ்சு கெடந்து துடிக்கி. சொல்லத்தான் மாட்டேன்."

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் அவள் கோயிலுக்கு வர மாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, பெண்கள் பக்கம் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாடகர் குழு அவள் இல்லாமல் பாடியது. உயர்ந்த இடம் வந்தபோது குரல்கள் தடுமாறின. திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. ஓரத்தில் சித்தி உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொருத்தியும் அவள் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். சித்தி ஒவ்வொருத்திக்கும் காலை ஒதுக்கி வழிவிட்டாள். பெரியம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். முன்வரிசையில் இருந்து ஐயரம்மா எழுந்து போய் முழங்கால்படியிட்டாள். அப்பம் அவள் கையில் வைக்கப்பட்டது. பாத்திரம் அவள் உதட்டுக்கு வந்தது. இப்போதாவது சொல்வாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் குடித்துவிட்டுத் தலை கவிழ்ந்து திரும்பி வந்தாள். எனக்கு அந்தக் கோயிலையே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் ஐயரம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் உபவாசத்துக்கு ஆண்டவர் பதில் கொடுத்தார் என்று அவள் சபை முன்னால் நின்று சாட்சி சொன்னாள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்வரிசையில் சித்தி, "நல்ல ஈரல்தான் குடுத்திருக்காரு பாய்" என்று என் காதில் மட்டும் முணுமுணுத்தாள். ஐயர் மாற்றலாகிப் போனார். புது ஐயர் வந்து, இந்த அம்மாவை ஏன் விலக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கமிட்டியில் ஒருவருக்கும் சரியாகக் காரணம் ஞாபகம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது ஐயரம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இதை எழுதட்டுமா என்று சித்தியிடம் கேட்டேன். "நான் சொல்ல மாட்டேன்னுதான் வாக்குக் குடுத்தேன். நீ எழுதுததுக்கு நான் என்னட்டி செய்ய முடியும்?" என்றாள். கூடவே, "பெரியம்மா ஒன்ன அறைஞ்சதையும் எழுது" என்றாள்.

அவள் செய்தது பக்தியா, வீம்பா என்று நான் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். சந்தேகப் புத்தி யாரையும் விடுவதில்லை, சித்தியையும்கூட. பக்தி என்று சொல்ல வருகிறபோது அந்த வாய்க்கால் பாலத்துப் பேச்சு தடுக்கிறது. வீம்பு என்று சொல்ல வருகிறபோது திருவிருந்துக்கு மறுநாள் நடந்தது தடுக்கிறது.

மறுநாள் பெரிய வெள்ளி. விடியலில் சித்தி முதல் பஸ்ஸுக்குப் போனாள். எனக்கு நம்ப முடியவில்லை. திரும்பி வந்து, எப்போதும்போல ஈரலைக் கழுவி அடுப்பில் வைத்தாள். அன்று வேப்பிலை போடவில்லை. ஊரே நோன்பிருக்க, கறி வாசனை தெருவில் தாராளமாகப் போயிற்று. தன்னை மறைப்பதை அவள் விட்டுவிட்டாள். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை கோயிலில் மும்மணி தியானம். அனலும் பசியுமாகப் பெண்கள் தலைசுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் ஐயர் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளைச் சபைக்குப் போனார். சித்தி வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடாக்கி, தூக்குவாளியைக் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டாள். தெரு வழியாகப் போகவில்லை. வாய்க்கால் கரை வழியாக, வாழைகளுக்குள் புகுந்து போனாள். ஐயரம்மாவை மறைப்பதை அவள் விடவில்லை. நான் பின்னாலேயே போனேன். அவள் என்னைத் திரும்பிப் போகச் சொல்லி விரட்டவில்லை.

புறவாசல் கதவு சாத்தியிருந்தது. சித்தி தட்டினாள்.

"ஆரு?"

"நாந்தான். தெறங்க."

கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. ஐயரம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நிற்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அம்புட்டுக்கும் பொறவு எதுக்கு வந்த?"

"வெள்ளிக்கிழமைலா. நகருங்க."

அடுக்களைத் தரையில் அவளை உட்கார வைத்து, சூப்பைத் தூக்குவாளி மூடியில் ஊற்றி நீட்டினாள் சித்தி. ஐயரம்மா வாங்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நேத்து எந்திரிச்சுச் சொல்லிரணும்னு நெனச்சேன். ஆண்டவர் அறிய நெனச்சேன். நாக்கு எழும்பல. என்ன மன்னிச்சிரு தாயி."

சித்தியின் கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. அவ்வளவும் கோபம். மூடியைப் பிடித்திருந்த கையை மட்டும் அவள் பின்னால் எடுக்கவில்லை.

"அது இன்னைக்கு என்னால முடியாது" என்றாள். "ஆறிட்டா வீச்சம் அடிக்கும். குடிங்க."

ஐயரம்மா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கிறவரை சித்தி அங்கேயே நின்றாள்.